ஆயாவுக்கு தட்டு வெச்ச ராத்திரி, அதுக்கப்புறம் வந்த அழைப்பு

ஆலோசனை கேட்டு எனக்கு வந்த லெட்டர் ரொம்ப நீளம், அதனால முழுசா போடல. எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியும் இருக்கேன். சுருக்கம் இதுதான்.

வயசு 26, வீடு ராயபுரம், கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு காசிமேட்ல மீன் ஏலத்துல வேலை, இவங்களுக்கு அம்பத்தூர்ல நைட் ஷிஃப்ட். போன மே மாசம் ஆயா தவறிட்டாங்க, அம்மாவோட அம்மா, இவங்கள தூக்கி வளத்ததே அவங்கதான். கூட வேலை பாக்கற ஃப்ரெண்ட் ஒருத்தி அயர்லாந்துல படிச்சிட்டு வந்தவ, பெரம்பூர்ல மொட்டமாடியோட ஒரு வீடு எடுத்து இருக்கா, வருஷா வருஷம் அக்டோபர் 31 ராத்திரி ‘சவ்வின்’னு ஒரு பேகன் பண்டிகைய, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தின ஐரோப்பிய வழிபாட்ட ஒட்டின பண்டிகைய, கொண்டாடுவாளாம். இந்த வருஷம் இவங்களையும் கூப்ட்டிருக்கா. அஞ்சு பேர், வாயே தொறக்காம ஒரு சாப்பாடு, இறந்துபோனவங்களுக்குன்னு தனியா ஒரு தட்டு. இவங்க ஆயாவுக்குப் பிடிச்ச நெத்திலிக் கருவாட்டுக் குழம்ப வீட்லருந்தே எடுத்துட்டுப் போய் வெச்சிருக்காங்க. மிச்சம் அவங்க வார்த்தையிலயே:

“சாப்ட்டுட்டு இருக்கறப்ப உச்சந்தலையில ஆயா கை வெச்ச மாதிரி இருந்துச்சு மேடம், கையோட கனம் கூட தெரிஞ்சுது. அழுதுட்டேன். அப்புறம் ஒரு அமைதி, மூணு வாரம் அது போகவே இல்ல. தினமும் சாயங்காலம் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்தி உக்காருறேன், இதுக்குத்தான் பொறந்தேனோன்னு தோணுது. ஃப்ரெண்ட் டாரோ சீட்டு எடுத்துப் பாத்து உனக்கு அழைப்பு வந்திருக்கு, நீ ப்ரீஸ்டஸ், அதான் பெண் பூசாரி, ஆகணும்னு சொல்றா, 18,000 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ் லிங்க்கும் அனுப்பியிருக்கா, முடிச்சா தீட்சையாம். அம்மா என் ரூம்ல ஸ்டூல் மேல மெழுகுவத்தி, சங்கு, ஆயா போட்டோ எல்லாம் பாத்துட்டு சூனியம் வெக்கிறியாடின்னு கேட்டாங்க, அன்பியத்துல, எங்க சர்ச்சோட அக்கம்பக்க ஜெபக் குழுவுல, சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லிட்டாங்க போல. ஆயாவே ஆடி மாசம் பக்கத்து வீட்டு அக்காங்களோட பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வருவாங்க, அப்பல்லாம் அம்மா கண்டுக்காத மாதிரி இருப்பாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது நிஜமா அழைப்பா, இல்ல கீழ்ப்பாக்கம் கேஸா? டிசம்பர் 21 அடுத்த பண்டிகை, யூல், போலாமா? மாதாவ விட்டுடணுமா? அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?”

வணக்கம் மா.

கீழ்ப்பாக்கத்த மொதல்ல முடிச்சிடறேன், அப்பத்தான் மத்தத நிம்மதியா படிப்பீங்க. இல்ல, நீங்க எழுதியிருக்கறத வெச்சுப் பாத்தா அப்படி எதுவும் தெரியல. (1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, எத்தனையோ பேர தேத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கு, இன்னும் அந்த ஊர் பேர திட்டறதுக்கு வெச்சிட்டு இருக்கோம், போகட்டும்.) போய்ச் சேந்தவங்க பக்கத்துல இருக்கிற மாதிரி தோணறது, குரல் கேக்கறது, தொட்ட மாதிரி இருக்கிறது எல்லாம் துக்கத்துல இருக்கிறவங்களுக்கு சகஜமா வர்ற விஷயம். வேல்ஸ்ல டூவி ரீஸ்னு ஒரு டாக்டர், புருஷனையோ பொண்டாட்டியையோ பறிகொடுத்த 293 பேர்கிட்ட பேசி 1971ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாரு. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு நடந்திருக்கு, பெரும்பாலும் கூடவே இருக்காங்கங்கிற உணர்வு, சில பேருக்கு குரல், சில பேருக்கு உருவம், ரொம்பக் கொஞ்சம் பேருக்கு உங்களுக்கு வந்த மாதிரி தொடுகை. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா அந்த ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேர் அவர் கேக்கற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததே இல்ல. அமெரிக்க மனநல டாக்டர்கள் கையேட்டுலயும் 1994லருந்து மதம், ஆன்மிகம் சம்பந்தப்பட்ட சிக்கல்னு ஒரு தலைப்பு இருக்கு, அது நோய் கணக்குல வராது, மனுஷனுக்கு வர்ற ஒரு குழப்பம், உக்காந்து பேசலாம், அவ்ளோதான்.

ஆனா ஒண்ணு ரெண்டு கேள்வி நேர்ல வந்தா நான் கேட்டிருப்பேன், இங்கயே கேட்டு வெக்கிறேன். அன்னிக்கு மாடியில ஏதாவது குடிச்சீங்களா, புகைச்சீங்களா? அதுக்கு முந்தின நாள் எவ்ளோ நேரம் தூங்கினீங்க? நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க பகல்ல நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிய விஷயம், அரைத்தூக்கத்துல இருக்கிற மூளைக்கு தொடுகையும் குரலும் சுலபமா வரும், இத நான் உங்க அனுபவத்தக் குறைச்சுப் பேசறதுக்காக சொல்லல, உங்க உடம்பையும் கணக்குல சேத்துக்கணும்னுதான் சொல்றேன். இதுக்கப்புறம் நாள்கணக்கா தூக்கமே இல்லாம ஆனா களைப்பே தெரியாம சுத்தறீங்க, குரல் வந்து இத செய் அத செய்னு உத்தரவு போடுது, உலகத்துல எனக்கு மட்டும்தான் இந்த வேலைய குடுத்திருக்காங்கன்னு தோணுது, காச தண்ணியா செலவு பண்றீங்க, இல்ல ஆயாகிட்டயே போயிடலாம்னு ஒரு நினைப்பு வருது, இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலும் எனக்கு லெட்டர் எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க. 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு, அங்க மனநலப் பிரிவுக்கு சீட்டு போட்டுட்டுப் போலாம்.

சரி, இப்ப ஆயா.

உங்க லெட்டர்ல ஒரு வரி இருக்கு, நீங்க வேகமா எழுதி தாண்டிட்டீங்க, நான் தாண்டல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வீட்ல எல்லாரும் காசிமேடு கல்லறைக்குப் போனாங்க, நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க. அதாவது ஆயா போனதுக்கப்புறம் வர்ற மொத கல்லறைத் திருநாள், உங்க அம்மா அவங்க அம்மாவோட கல்லறைய தொடச்சு சாமந்தி போட்டு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்காங்க, நீங்க அங்க இல்ல, ஆனா ரெண்டு நாள் முன்னாடி பெரம்பூர் மொட்டமாடியில ஆயாவுக்கு சோறு வெச்சு அழுதிருக்கீங்க. இதுல குத்தம் எதுவும் இல்ல. மே மாசத்துலருந்து அழறதுக்கு ஒரு எடம் கிடைக்காம இருந்தீங்கன்னுதான் எனக்குப் படுது. அடக்கம் முடிஞ்சு, ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை, நடுவுல ஷிஃப்ட்டு, லீவு கிடையாது, வீட்ல வந்து போறவங்களுக்கு டீ போடறது. ஒரு எடத்துல அமைதியா உக்காந்து, யாரும் எதுவும் கேக்காம, ஆயாவுக்குப் பிடிச்சத அவங்க முன்னாடி வெச்சு சாப்பிடற சந்தர்ப்பம் உங்களுக்கு அன்னிக்குத்தான் கிடைச்சிருக்கு. அணை ஒடஞ்சிடுச்சு.

அதனால அந்த ராத்திரியில ரெண்டு விஷயம் பின்னிக்கிட்டு இருக்கு. ஒண்ணு துக்கம். இன்னொண்ணு அழைப்பா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்போதைக்கு ரெண்டையும் பிரிக்க முடியாது, ஏழு மாசம்தான் ஆகுது. நான் அழைப்பு இல்லன்னு சொல்ல வரல, அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல, நான் கவுன்சலிங் பண்றவ, குறி சொல்றவ கிடையாது. ஆனா இப்பவே ஆமான்னு எழுதிக் குடுக்கவும் யாருக்கும் உரிமை இல்ல, உங்க ஃப்ரெண்டையும் சேத்துத்தான்.

அந்தப் பண்டிகையப் பத்தியும் கொஞ்சம் பேசிடலாம், ஏன்னா ‘ஆயிரக்கணக்கான வருஷப் பழமையான வழி’ன்னு ஒரு எடத்துல எழுதியிருக்கீங்க, அந்த கோர்ஸ் விளம்பரத்துல அப்படிப் போட்டிருப்பாங்க. சவ்வின் நெஜமாவே பழசு, அயர்லாந்து ஸ்காட்லாந்து பக்கம் கோடை முடிஞ்சு குளிர்காலம் ஆரம்பிக்கற நாள், மேய்ச்சலுக்கு மேட்டுல விட்ட ஆடு மாட்டக் கீழ ஓட்டிட்டு வந்து, குளிருக்குத் தாங்காதத அடிச்சு உப்பு போட்டு வெக்கற காலம். ஆனா சவ்வின், யூல், இம்போல்க், பெல்டேன்னு எட்டு பண்டிகைய ஒரு சக்கரமா கோத்து வருஷம் பூரா சுத்தவிட்டது 1950கள்ல இங்கிலாந்துல நடந்த வேலை, விக்காங்கிற புது பேகன் மதத்த வெளிய கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் குழுவும், பழைய கெல்டிக் பூசாரிங்க பேர்ல இருந்த ட்ரூயிட் வழியச் சேந்த ராஸ் நிக்கல்ஸும் அதுல முக்கியமான ஆளுங்க. இந்த கார்ட்னர் சின்ன வயசுல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவரு, நம்மாளுங்க கொழுந்து பறிச்ச அதே மலை, அது ஒரு தனிக் கதை. சூனியக்காரிச் சட்டத்த பிரிட்டன் ரத்து பண்ணதே 1951லதான், அதுக்கப்புறம்தான் இவங்க தைரியமா வெளிய பேசினாங்க. பிரிஸ்டல் யுனிவர்சிட்டி வரலாத்துப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதயெல்லாம் நோண்டி எடுத்து எழுதியிருக்காரு, அதப் படிச்ச பேகன் ஆளுங்கள்லயே நெறைய பேர் சரி, எங்க வழி புதுசுதான், அதனால என்னன்னு ஒத்துக்கிட்டாங்க. பேசாம சாப்பிடற அந்த சாப்பாடு கூட, முன்னாடி காலத்துல கல்யாணம் ஆகாத பொண்ணுங்க வரப்போற புருஷன் யாருன்னு பாக்க ராத்திரியில பண்ண ஒரு விளையாட்டு மாதிரி வழக்கம், பின்னால அத இறந்தவங்களுக்கு மாத்திக்கிட்டாங்க.

புதுசுன்னா பொய்யின்னு அர்த்தம் இல்ல. 2021 சென்சஸ்ல இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் 74,000 பேர் பேகன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, அவங்க வாழ்க்கையில அது உண்மைதான். நான் சொல்றது என்னன்னா பழமையக் காட்டி உங்கள யாரும் மிரட்ட வேணாம், கவுக்கவும் வேணாம். உங்க ஆயாவ விட இந்த சக்கரம் அப்படி ஒண்ணும் பெரிய வயசு கிடையாது.

இன்னொண்ணு, அந்த சக்கரம் அந்த ஊர் சூரியனுக்கு செஞ்சது. லண்டன்ல டிசம்பர் 21 அன்னிக்குப் பகல் எட்டு மணி நேரம் கூட இருக்காது, ஜூன்ல பதினாறரை மணி நேரம் இருக்கும், அங்க சூரியன் திரும்பி வருதுன்னா அது உசுரு திரும்பி வர்ற மாதிரிதான். நம்ம ஊர்ல குறைஞ்ச பகல் பதினொண்ணேகால் மணி நேரத்துக்கு மேல, நீண்ட பகல் பதிமூணு கிட்ட, வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு வருஷத்த பிரிக்கறது வேற. அக்டோபர் கடைசியில வாடைக்காத்து, மழை, தெருவுல முட்டி அளவு தண்ணி. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், உங்க வீட்டுக்கு அதுதான் நெசமான குளிர்காலம், அப்பாவ கேளுங்க சொல்லுவாரு. ஆடியில கூழு, மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வர்றது, நவம்பர்ல கல்லறை, தையில பொங்கல். சூரியன் வடக்க திரும்பற நாள நாமளும்தான் கொண்டாடறோம், ஆனா தை 1ல, வானத்துல அது டிசம்பர் 21, 22லயே நடந்து முடிஞ்சிடும். சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு, பூமியோட அச்சு மெதுவா சுத்தறதால இப்ப மூணு வாரம் தள்ளிப் போச்சு. ஆஸ்திரேலியாவுல இருக்கிற பேகன்கள் பாருங்க, அங்க பருவம் தலைகீழ்ங்கிறதால நெறைய பேர் சவ்வினயே ஏப்ரல் கடைசிக்கு மாத்தி வெச்சுக்கிட்டாங்க, யாரும் அவங்கள தள்ளி வெக்கல. அப்ப நீங்க பெரம்பூர் மாடியில பூசணிக்காய வெட்டி விளக்கு வெக்கறத விட, உங்க கடலோட கணக்குல ஒரு வருஷத்த கவனிச்சா அந்த வழிக்கும் அது துரோகம் கிடையாது, உங்களுக்கும் சொந்தமா ஏதாவது தெரிய வரும். ஆயா பெரியபாளையம் போனது வேப்பிலைக்கும் கூழுக்கும் கூட வர்ற அக்காங்களுக்கும்தானே, அவங்களுக்கு அதுல ஒண்ணும் இடிக்கலையே.

இப்ப அழைப்பு. இதுல எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கு, வேற கவுன்சலர் வேற மாதிரி சொல்லலாம்.

அந்த ராத்திரி எவ்ளோ பலமா இருந்துச்சுங்கிறத வெச்சு அழைப்பான்னு முடிவு பண்ண முடியாது. மூணு வாரம் அமைதி இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, நாலாவது வாரத்தப் பத்தி எதுவும் எழுதல. எனக்கு அந்த நாலாவது வாரம்தான் வேணும். சலிப்பா, மழையில பஸ்ஸு லேட்டாகி, டீம் லீடர் திட்டி, மாசாந்திர வயித்துவலி வந்த நாள்ல அந்த மெழுகுவத்தி முன்னாடி உக்காந்தீங்களா, உக்காந்தா எப்படி இருந்துச்சு? லயோலா காலேஜ்னு பேர் இருக்கே, அந்த லயோலா ஊர்க்காரர் இக்னேஷியஸ், பின்னால இயேசு சபைய ஆரம்பிச்ச புனிதர், 1521ல பாம்ப்லோனா சண்டையில கால்ல குண்டு பட்டு மாசக்கணக்கா படுத்த படுக்கையா இருந்தாரு. வீரர்கள் கதைய நெனச்சு கனவு கண்டா அப்போதைக்கு ஜிவ்வுன்னு இருக்கும், முடிஞ்சதும் வறண்டு போயிடும், புனிதர்கள் மாதிரி வாழறத நெனச்சா முடிஞ்சதுக்கப்புறமும் அந்த சந்தோஷம் தங்கும், இத படுக்கையிலயே கவனிச்சிருக்காரு. பின்னால தியானம் குடுக்கறவங்களுக்கு அவர் எழுதின குறிப்புல ஒண்ணு உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்: ஒருத்தருக்கு மனசு பொங்கி வழியற நேரத்துல அவசரப்பட்டு எந்த வாக்கும் நேர்த்தியும் குடுக்க விடாதீங்கங்கிறாரு. சோர்வா இருக்கறப்பவும் எடுத்த முடிவ மாத்தாதேங்கிறாரு. பொங்கும்போதும் வேணாம், வாடும்போதும் வேணாம், நடுவுல இருக்கிற சாதாரண நாள்ல பாருன்னு அர்த்தம்.

எல்லா வழியிலயும் இந்தத் தாமதத்த கட்டி வெச்சிருக்காங்க. கன்னியாஸ்திரி ஆகணும்னு ஒரு பொண்ணு மடத்துக் கதவ தட்டினா மறுநாளே துணி குடுக்கறதில்ல, நாவிஷியேட்ங்கிற பயிற்சிக் காலம் மட்டுமே குறைஞ்சது 12 மாசம், அப்புறம் மூணு வருஷமாவது தற்காலிக வார்த்தைப்பாடு, அதுக்கப்புறம்தான் நிரந்தரம். விக்காவுலயும் ஒரு வருஷம் ஒரு நாள் படிச்சுப் பழகிட்டு தீட்சைங்கிறது ரொம்பப் பேர் மதிக்கற வழக்கம். நம்ம ஊர் அம்மன் கோயில்ல புதுசா ஒருத்தருக்கு அருள் வந்தா பெரியவங்க உடனே கால்ல விழுந்துட மாட்டாங்க, யாரு வந்திருக்க, என்ன வேணும், ஏன் வந்தன்னு கேட்டுக் கேட்டுப் பாப்பாங்க. மீன் வாங்கறப்ப பளபளப்ப பாக்காம செவுள தூக்கிப் பாக்கற மாதிரிதான், உங்க வீட்ல உங்களுக்குத் தெரியாததா.

எத தூக்கிப் பாக்கணும்னா, இந்தப் பழக்கம் உங்கள என்னவா ஆக்குதுன்னு. வில்லியம் ஜேம்ஸ்னு அமெரிக்க உளவியல் ஆளு 1901, 02ல எடின்பரோவுல இதப்பத்தி வரிசையா பேசினாரு, ஒரு ஆன்மிக அனுபவம் எங்கருந்து வந்துச்சு, நரம்புக் கோளாறா தெய்வமான்னு வேர தோண்டிட்டு இருக்காதீங்க, என்ன பழம் பழுக்குதுன்னு பாருங்கன்னாரு. அவரு அத எடுத்ததே நம்ம மத்தேயு 7ஆம் அதிகாரத்துலருந்துதான், கனிகளால் அறிவீர்கள்னு உங்க அம்மாவுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். மெழுகுவத்தி ஏத்த ஆரம்பிச்சதுக்கப்புறம் வீட்ல பொறுமை கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா? பழைய ஃப்ரெண்ட்ஸ்க்கு போன் பண்றீங்களா, இல்ல அந்த அஞ்சு பேர தவிர எல்லாரும் ஒண்ணும் தெரியாதவங்களா தெரியறாங்களா? வேலையில கவனம் இருக்கா? யாருக்காவது ஒரு உதவின்னா எழுந்து போறீங்களா? இதுக்கெல்லாம் பதில் எனக்கு அனுப்ப வேணாம், ஒரு நோட்டுல தேதி போட்டு வாரத்துக்கு நாலு வரி எழுதிட்டு வாங்க, நல்ல நாளையும் மொக்க நாளையும் சேத்து.

கோர்ஸ் வேணாம். இத சுத்தி வளைக்காம சொல்லிடறேன். காசு உங்களோடதுதான், ஆனா துக்கத்துல இருக்கிற ஒருத்திகிட்ட உனக்கு வரம் இருக்குன்னு சொல்லி அதே மூச்சுல விலையும் சொன்னா, அது ராயபுரத்துல நடந்தாலும் டப்ளின்ல நடந்தாலும் எனக்கு ஒரே சந்தேகம்தான். கார்ட்னர் வழியில வந்த பழைய குழுக்கள்லயே தீட்சைக்குக் காசு வாங்கக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு உண்டு. உங்க ஃப்ரெண்ட் ஏமாத்தறான்னு நான் சொல்லல, அவளும் நம்பித்தான் அனுப்பியிருப்பா. அந்த டாரோ சீட்டு 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில சும்மா சீட்டாட்டமா ஆரம்பிச்சது, குறி சொல்ல அத பரவலா எடுத்தது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல. சீட்ட பாத்து நீங்க உங்க மனசப் பத்தி யோசிக்கறதுல ஒண்ணும் கெட்டுடாது, சீட்டு சொல்லிடுச்சுன்னு வேலைய விடறது, வரன வேணாங்கறது, 18,000 கட்டறது, அதெல்லாம் வேற விஷயம்.

மாதாவ விட்டுடணுமான்னு கேட்டிருக்கீங்க. உங்கள யாரும் அப்படிக் கேக்கலையே மா, பேகன் வழியில உறுப்பினர் கார்டும் இல்ல, பழச விட்டுட்டேன்னு கையெழுத்தும் இல்ல. சர்ச் பக்கம் இருந்து பாத்தா கோடு கொஞ்சம் தெளிவா இருக்கு, அத மறைக்காம சொல்றதுதான் மரியாதை: இறந்தவங்கள வரவழைக்கறது, குறி பாக்கறது, மந்திரம் போடறது இதெல்லாம் கூடாதுன்னு திருச்சபையோட மறைக்கல்வி நூல் 2116, 2117ஆம் பத்திகள்ல நேரடியாவே போட்டிருக்கு. அதே திருச்சபைதான் இறந்தவங்கள நெனைக்கறதுக்கும் வேண்டிக்கறதுக்கும் ஒரு நாளே ஒதுக்கியிருக்கு, 1000ஆம் வருஷத்த ஒட்டி பிரான்ஸ்ல க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ ஆரம்பிச்சு வெச்ச நவம்பர் 2. உங்க தட்டு இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்னு உங்களுக்கு நெருடலா இருந்தா ஒரு நிதானமான ஃபாதரா பாத்துப் பேசுங்க, பாவசங்கீர்த்தனத்துல அஞ்சு நிமிஷத்துல இல்ல, தனியா நேரம் கேட்டு. கத்தற ஃபாதரா இருந்தா எழுந்து வந்துடுங்க, வேற ஆள் இருக்காங்க.

அம்மா. இதத்தான் நான் கடைசி வரைக்கும் வெச்சிருந்தேன், உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தலா இருந்ததே இதுதான். நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, அதுல அம்மா வர்ற எடமெல்லாம் திட்டறவங்களாதான் வர்றாங்க, அம்மாவ இழந்த பொண்ணா ஒரு எடத்துலயும் வரல. செத்தது அவங்க அம்மா. அவங்களுக்கும் தலையில ஒரு கை பட்டா எப்படி இருக்கும்? பொண்ணு ரூம்குள்ள போறாங்க, அவங்க அம்மா போட்டோ, அவங்களுக்குத் தெரியாம, சங்கு எலும்பு மாதிரி என்னென்னமோ நடுவுல, மெழுகுவத்தி எரியுது. நம்ம ஏரியாவுல செய்வினைங்கிற வார்த்தைய சின்ன வயசுலருந்து கேட்டு வளந்தவங்க அவங்க, பயந்துட்டாங்க, பயத்துல சூனியம்னு வாய்ல வந்துடுச்சு. கோவத்த விட பயம்தான் அது.

அதனால சவ்வின், விக்கா, யூல்னு ஆரம்பிக்காதீங்க, அம்மாவுக்கு அந்தப் பேரெல்லாம் இப்ப தேவையே இல்ல. கிறிஸ்மஸே பேகன்கள்ட்டருந்து திருடினதுதான்னு ஃப்ரெண்ட் சொல்லிக் குடுத்திருந்தா அத தயவுசெஞ்சு வீட்ல எடுத்து விடாதீங்க, வரலாத்து ஆளுங்களே அதுல இன்னும் சண்ட போட்டுட்டு இருக்காங்க, டிசம்பர் 25ன்னு எழுதிவெச்ச பழைய ரோமாபுரிக் குறிப்பு 354ஆம் வருஷத் தொகுப்புல இருக்கு, அதுக்கு மேல காரணம் என்னங்கிறது பெரிய வழக்கு, உங்க சமையக்கட்டுல தீராது. நீங்க சொல்ல வேண்டியது ஆயாவப் பத்தி. “அம்மா, ஆயா நெனப்பு தாங்கல, கல்லறைக்கு வராம தூங்கிட்டேன்னு உறுத்துது, அதான் ரூம்ல போட்டோ வெச்சு உக்காருறேன், நாம ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வரலாமா”ன்னு கேளுங்க. பூவும் மெழுகுவத்தியும் நீங்க வாங்குங்க. போட்டோவ ஹாலுக்குக் கொண்டுவந்துடுங்க, அம்மாவும் ஒரு முழம் பூ வெக்கட்டும், சங்கு உங்க ரூம்லயே இருக்கட்டும். பேகன் பண்டிகைக்குப் போனத மறைக்கச் சொல்றீங்களான்னு கேப்பீங்க. இல்ல, கேட்டா பொய் சொல்லாதீங்க, ஃப்ரெண்ட் வீட்ல இறந்தவங்கள நெனச்சு ஒரு சாப்பாடு, நான் ஆயாவுக்கு கருவாட்டுக் குழம்பு வெச்சேன்னு சொல்லுங்க, அது முழு உண்மைதான். அம்மா அழுவாங்கன்னு நினைக்கிறேன். அழட்டும், பெரியபாளையம் கதையெல்லாம் அவங்களே அப்ப எடுப்பாங்க, அவங்க ஏன் கண்டுக்காத மாதிரி இருந்தாங்கன்னு அப்ப கேளுங்க, எனக்கும் அத தெரிஞ்சுக்க ஆசை.

ஒருவேளை அம்மா ஒத்துக்கவே இல்லன்னா? மெழுகுவத்தி இல்லாமலும் உக்காரலாம். அமைதியா பத்து நிமிஷம் உக்கார மெழுகு தேவையில்ல. நெருப்பு வெச்சே ஆகணும்னா தூக்கக் கலக்கத்துல வேணாம், ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஏத்தி வெச்சுட்டு அப்படியே சாஞ்சிடாதீங்க, ஸ்டூல் மேல துணி விரிச்சிருந்தா அத எடுத்துடுங்க.

டிசம்பர் 21க்குப் போங்க. ஃப்ரெண்ட்ஸ், சாப்பாடு, விளக்கு, போயிட்டு வாங்க, அது உங்களுக்கு நல்லதுதான், இந்த வருஷம் உங்களுக்கு சிரிக்க எடமே கிடைக்கல. ஆனா போறதுக்கு முன்னாடி ஃப்ரெண்டுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, இந்தத் தடவ எனக்கு சீட்டு எடுக்காத, யார் முன்னாடியும் எனக்கு வரம் இருக்கு அழைப்பு இருக்குன்னு பேசாத, அடுத்த சவ்வின் வரைக்கும் நான் எந்த சத்தியமும் பண்ணப்போறதில்லன்னு. அவ அத சரின்னு எடுத்துக்கிட்டா நல்ல ஃப்ரெண்ட். முகம் சுருங்கி, உன் சக்திய நீயே தடுக்கிறன்னு ஆரம்பிச்சா அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. 24ஆம் தேதி குடில் வெக்க அம்மாவுக்குக் கூட ஒரு கை வேணும், நடுராத்திரி பூசைக்குப் போறதா வேணாமான்னு அன்னிக்கு உங்க மனசு சொல்றபடி பண்ணுங்க, ஆனா குடில் வேலைக்கு லீவு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க, கடைசி நேரத்துல தரமாட்டாங்க.

டே ஷிஃப்ட் கேக்க முடியுமான்னு பாருங்க. முடியலன்னா பகல்ல கனமான திரை போட்டு ஒரே மூச்சுல ஏழு மணி நேரம் தூங்கற மாதிரி வீட்ல சொல்லி வெச்சுக்குங்க. ரெண்டு வாரம் ஒழுங்கா தூங்கினதுக்கப்புறம் அந்த நோட்ட எடுத்துப் படிங்க. மார்ச் மாசம் மறுபடி எழுதுங்க, அப்ப நாலாவது வாரத்தப் பத்தி எழுதுங்க.